கரடுமுரடு நில ஊர்திகளுக்கான கூலன்ட்

கூலன்ட் என்பது எஞ்சினுக்குள் சுற்றிவந்து, அங்கு உண்டாகும் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்லும் நீர்மம் ஆகும். சேறு, மணல், பனி போன்ற இடங்களில் பொழுதுபோக்குக்காக ஓட்டப்படும் நாற்சக்கர ஏடிவி, மண்தட மோட்டார் சைக்கிள், பனிவண்டி ஆகியவற்றில் நீர்மத்தால் குளிர்விக்கப்படும் வகைகளுக்கு இது தேவை. காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களுக்குக் கூலன்ட் கிடையாது.

கூடுதல் வெப்பம் ஏன்?

சாலையில் விரையும் வாகனத்தின் ரேடியேட்டரில் எதிர்க்காற்று தானாகவே மோதும். சேற்றிலும் மேட்டிலும் ஏடிவி மெதுவாக நகர்ந்தாலும் அதன் எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. அப்போது மின்விசிறியையே நம்ப வேண்டியுள்ளது. ரேடியேட்டரின் இடுக்குகளைச் சேறு அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேறாது. பல பனிவண்டிகளில் பட்டை வாரியிறைக்கும் பனியே வெப்பமாற்றியைக் குளிர்விப்பதால், பனித்தூள் இல்லாத இறுகிய பனிக்கட்டியின் மேல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிவிடும்.

கூலன்டில் இருப்பவை

வெப்பத்தைச் சுமப்பதில் நீரே சிறந்தது. ஆனால் தனி நீர் 0° செல்சியசில் உறைந்து, ஏறத்தாழ 9% விரிவடைந்து எஞ்சினையே பிளக்கக்கூடும், உலோகத்தையும் அரிக்கும். இதனால் நீருடன் எத்திலீன் கிளைக்காலும் அரிப்புத் தடுப்பிகளும் சேர்க்கப்படுகின்றன. சரிபாதிக் கலவை சுமார் -37° வரை உறையாது. தூய எத்திலீன் கிளைக்காலோ ஏறத்தாழ -13° செல்சியசிலேயே உறைந்துவிடும். எனவே நீர் கலக்காமல் அடர் கூலன்டை மட்டும் ஊற்றுவது பாதுகாப்பைக் குறைக்கும்.

ரேடியேட்டர் மூடி உள்ளழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை உயர்த்துகிறது. லடாக்கின் லே நகரம் அமைந்துள்ள சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், திறந்த கலனில் உள்ள நீர் ஏறக்குறைய 88° செல்சியசிலேயே கொதிக்கும். ஆகவே மலைப்பகுதியில் பழுதான மூடியும் எஞ்சின் சூடேறக் காரணமாகும்.

தேர்வு செய்யும் முறை

பச்சை, சிவப்பு, நீலம் ஆகியவை சாயங்களே. நிறத்துக்குப் பொதுவான தரவிதி இல்லாததால், ஒரே நிறமுள்ள இரு கூலன்ட்களின் வேதிப்பொருட்கள் வேறாக இருக்கலாம். தேர்வில் கவனிக்க வேண்டியது அரிப்புத் தடுப்பியின் வகையே:

• கனிம உப்பு வகை: சிலிக்கேட், பாஸ்பேட் போன்றவை உலோகத்தின் மேல் விரைவில் காப்புப் படலம் அமைக்கும், ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.
• கரிம அமில வகை: மெதுவாகச் செயல்பட்டு நீண்டகாலம் நிலைக்கும்.
• கலப்பு வகை: இவ்விரண்டும் சேர்ந்தது.

நீர்ப்பம்பின் அடைப்பு வளையம் தேயாதிருக்க, ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் சிலிக்கேட் இல்லாத கூலன்டைப் பரிந்துரைக்கின்றன. கடினநீரோடு சேர்ந்து படிவு உண்டாக்கும் என்பதால் ஐரோப்பிய நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்துவந்துள்ளன. எனவே வாகனக் கையேடு கூறும் வகையையே வாங்கவேண்டும். அலுமினிய எஞ்சினுக்கு ஏற்றது என்ற குறிப்பு உள்ளதா என்றும் பார்க்கவேண்டும். அடர் கூலன்டாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரைக் கலக்கவேண்டும். குழாய்நீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் தடுப்பிகள் வலுவிழக்கலாம். சிலவேளை கூழ்போலத் திரண்டு குழாய்களை அடைக்கலாம். பழைய கூலன்டின் வகை தெரியாவிட்டால், முழுவதும் வடித்து, அலசிய பின்னரே புதியதை நிரப்பவேண்டும்.

பாதுகாப்பு

இனிப்புச் சுவையுள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. உடலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்துடன் சேர்ந்து படிகங்களாகிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். கசிந்த கூலன்டை நக்கும் நாய்களும் காட்டு விலங்குகளும் இறக்க நேரிடும். புரோப்பிலீன் கிளைக்கால் கூலன்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. உறைதலைத் தடுக்கும் திறன் சற்றே குறைவு. எதுவாயினும் பழைய கூலன்டை மண்ணிலோ ஓடையிலோ கொட்டக்கூடாது. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர்மம் பீறிட்டு உடலைச் சுடும். நன்கு ஆறிய பின்னரே திறக்கவேண்டும்.