கடல் கடந்த மகனும் தாயின் ஹஜ்ஜும்



ராயபுரம் போன்ற மஹல்லாக்களில் பனியன் தொழிலில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர் பலர். அப்பிள்ளைகளுள் சிலர் இன்று இங்கிலாந்திலும் கனடாவிலும் குடியேறியுள்ளனர். கணவரை இழந்த தாயிடம், "நானே உங்களை ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்வேன்" என்று மகன் வாக்களிக்கிறார். நல்ல நிய்யத்துதான். விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் தெரிய வருகிறது.

மேலைநாடுகளில் வாழ்வோர் முன்பு அங்குள்ள பயண நிறுவனங்கள் வழியாக ஹஜ்ஜுக்குச் சென்றனர். 2022-இல் சவூதி அரசு அம்முறையை மாற்றியது. 2023 முதல் 'நுஸுக்' என்னும் இணையதளத்தில் அவர்களே நேரடியாகப் பதிவு செய்து பணம் செலுத்த வேண்டும். அது அந்நாடுகளில் குடியிருப்போருக்கு உரியது. ராயபுரத்தில் இருக்கும் தாயை அதில் சேர்க்க இயலாது. மகன் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய ஹஜ் கமிட்டி வழியாகத் தாயுடன் விண்ணப்பிக்கவும் இயலாது. அதற்கு இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும்.

அப்படியானால் தாய்க்கு மஹ்ரம் யார்?

தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டிருக்க, தாம் போருக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்ன தோழரை, மனைவியுடன் ஹஜ் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. 45 வயதைக் கடந்த பெண்கள் நால்வராகச் சேர்ந்து மஹ்ரமின்றிச் செல்ல 2018 முதல் இந்திய ஹஜ் கமிட்டி வழி செய்துள்ளது. நம்பகமான பெண்களின் துணையோடு கடமையான ஹஜ்ஜுக்குச் செல்வதை ஷாஃபிஈ மத்ஹப் ஏற்கிறது. ஹனஃபி மத்ஹபிலோ மஹ்ரம் அமையும்வரை அப்பெண் புறப்படுவது கடமையாகாது. அரசின் அனுமதி வேறு, ஃபிக்ஹுச் சட்டம் வேறு.

மஹ்ரம் என்றவுடன் மகனை மட்டுமே நினைக்கிறோம். உடன்பிறந்த சகோதரர், சகோதர சகோதரிகளின் மகன்கள், மகளின் கணவர், பருவமடைந்த பேரன் ஆகியோரும் மஹ்ரமே. அக்காவின் கணவரும் கொழுந்தனாரும் மஹ்ரம் அல்லர். இதில் தவறு செய்யும் குடும்பங்கள் உண்டு. ஊரிலுள்ள மருமகனுக்குச் செலவு செய்ய வசதியில்லாமல் இருக்கலாம். லண்டனில் உள்ள மகன் அவருடைய செலவை ஏற்றுக்கொள்ளட்டுமே! தாமே அழைத்துச் செல்வதாகச் சொல்லி ஆண்டுகளைக் கடத்துவதைவிட இது பெரிய கித்மத் அல்லவா? தாயின் முழங்கால் வலி மகனுடைய விடுமுறைக்காகக் காத்திருக்காது.

தாயும் மகனும் கஅபாவின் முன் சேர்ந்து நிற்க ஆசைப்பட்டால் உம்ராவுக்குச் செல்லலாம். அவரவர் நாட்டிலிருந்து விசா பெற்று ஜித்தாவில் சந்திக்கலாம். ஹனஃபி மத்ஹபினர் என்றால் மகன் ஊருக்கு வந்து, இங்கிருந்தே தாயுடன் புறப்பட வேண்டும். மஹ்ரம் பயணம் முழுவதற்கும் தேவை. அந்த உம்ராவினால் ஹஜ் கடமை நீங்கிவிடாது.

சுற்றுலா விசாவில் உம்ரா செய்யலாம், ஹஜ் செய்ய முடியாது. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின் கடும் வெயிலில் 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களுள் 83 சதவீதத்தினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. கூடாரமும் வாகனமும் இன்றி அவர்கள் வெயிலில் நெடுந்தொலைவு நடந்திருந்தனர். "எப்படியாவது உள்ளே அனுப்பி விடுகிறோம்" என்று எவரேனும் சொன்னால், தாயின் பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுக்காதீர்கள்.