லேப்டாப் ஓரத்தில் ஒரு பூட்டுத் துளை

அலுவலக லேப்டாப்பை மூடி, அதன் ஓரங்களைச் சுற்றி ஒரு தடவை பாருங்கள். சார்ஜர் செருகும் இடம், யுஎஸ்பி வாய்கள், இயர்போன் துளை எல்லாவற்றையும் தாண்டி, எந்த ஒயரும் நுழையாத சின்ன நீள்சதுர ஓட்டை ஒன்று தட்டுப்படலாம். ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம். சில மாடல்களில் பக்கத்தில் குட்டிப் பூட்டுப் படமும் பொறித்திருக்கும். படம் இல்லாத மாடலில் அதை ரீசெட் துளை என்று நினைத்து ஊக்கை விட்டுக் குத்திப் பார்ப்பவர்கள் உண்டு. காற்றுப் போகிற வழி என்று சொல்பவர்களும் உண்டு. பல வருடம் லேப்டாப்போடு குடித்தனம் நடத்தியும் அதன் பயனைத் தெரிந்துகொள்ளாமலேயே இருந்துவிடலாம், ஏனென்றால் அதற்குள் மாட்ட வேண்டிய பூட்டு லேப்டாப்போடு வருவதில்லை. தனியாக வாங்க வேண்டும்.

அந்தத் துளைக்குக் கென்சிங்டன் ஸ்லாட் என்று பெயர். கென்சிங்டன் என்பது கணினித் துணைக்கருவிகள் செய்யும் அமெரிக்க நிறுவனம். 1992இல் மைக்ரோசேவர் என்ற கேபிள் பூட்டை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசையைவிட்டு நகராத பெட்டிக் கணினிகளுக்கு நடுவே, கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடக்கூடிய கணினிகள் அலுவலகங்களுக்குள் வரத் தொடங்கிய காலம் அது. இந்த ஒரு துளையைத் தங்கள் வார்ப்பிலேயே விட்டுவைக்கக் கணினி உற்பத்தியாளர்கள் பலரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு மானிட்டர், புரொஜெக்டர் என்று எல்லாவற்றிலும் அது இடம்பிடித்தது.

வேலை செய்யும் விதம் எளிது. பூட்டின் தலையில் டி வடிவத்தில் ஓர் உலோக நாக்கு இருக்கும். துளைக்குள் விடும்போது நாக்கு துளையின் நீளவாக்கில் இருக்கும், ஆகவே தடையில்லாமல் நுழையும். உள்ளே போனதும் சாவியைத் திருப்பினால் நாக்கு 90 டிகிரி சுழன்று குறுக்காக நிற்கும், இனி வெளியே வராது. சாவி இல்லாமல் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடாதபடி பக்கத்தில் சிறு கட்டைகள் துளையை நிரப்பிக்கொள்ளும். தலையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கேபிள். அதன் மறுமுனையில் ஒரு வளையம். மேசைக் காலையோ நகராத வேறு எதையோ சுற்றி, வளையத்துக்குள் பூட்டுத் தலையை நுழைத்து இழுத்து, லேப்டாப்பில் மாட்ட வேண்டியதுதான்.

மேசைக் கால் என்று சொல்லும்போதே கூர்மையான வாசகருக்குச் சிரிப்பு வந்திருக்கும். மேசையை ஒரு பக்கம் அரை அடி தூக்கினால் வளையம் அடியில் கழன்று வந்துவிடுமே! உண்மைதான். கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் இருந்தால் அதற்குள் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேசைப் பலகையிலேயே திருகி வைக்கும் கொக்கித் தகடு வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் பணம் போட்டுப் பூட்டு வாங்கிய அலுவலகங்கள்கூட இந்தத் தகட்டை மறந்துவிடும்.

பூட்டுக்குள் இருக்கும் இயக்கம்தான் இதில் சுவையான பகுதி. பழைய மாடல்களில் வட்டக்குழல் பூட்டு இருக்கும். வீட்டுப் பூட்டில் ஊசிகள் ஒரே வரிசையில், சாவித் துளைக்கு உள்ளே மறைந்திருக்கும். வட்டக்குழல் பூட்டில் பெரும்பாலும் 7 ஊசிகள் வட்டமாக, முகப்பிலேயே தெரியும்படி நிற்கும். சாவியும் ஒரு வெற்றுக் குழல். அதன் விளிம்பில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள் இருக்கும். குழலை அழுத்தினால் ஒவ்வொரு ஊசியும் அதனதன் ஆழத்துக்கு உள்ளே போய், எல்லாம் ஒரே மட்டத்தில் பிளவுபட்டு, பூட்டின் நடுப்பகுதி சுழலும். குட்டிப் பூட்டுக்குள் இத்தனையையும் அடக்க முடிந்ததால் லேப்டாப்புக்கு இது வசதியாக இருந்தது.

ஊசிகள் முகப்பில் வெளிப்படையாக நிற்பதே அதன் பலவீனமும். சற்று மிருதுவான குழல் ஒன்றை அழுத்தி, இறுக்கம் கொடுத்து மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தால், ஊசிகள் தங்கள் அளவைத் தாங்களே அந்தக் குழலில் பதித்துவிடும், அதாவது பூட்டே தன் சாவியைச் செதுக்கிக் கொடுத்துவிடும். 2004இல் இது அமெரிக்காவில் பெரிய அமளியாக வெடித்தது. கிரிப்டோனைட் என்ற பெயர்பெற்ற சைக்கிள் பூட்டை பிக் பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் உடலால் திறக்கலாம் என்று சிலர் செய்து காட்டினார்கள். நிறுவனம் பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றித் தர வேண்டியதாயிற்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த லேப்டாப் பூட்டுகளும் சிக்கின. கழிவறைத் தாள் சுருளின் நடுவில் வரும் அட்டைக் குழலைக் கிழித்துச் சுருட்டி லேப்டாப் பூட்டைத் திறக்கும் வீடியோக்கள் பரவின. அதன்பின் பூட்டின் உள்ளமைப்பு மாறியது. ஊசிகளுக்குப் பதில் சுழலும் தட்டுகள் வந்தன, சாவியே வேண்டாத நான்கு எண் பூட்டுகளும் வந்தன. நான்கு எண் என்றால் 10,000 சேர்க்கைகள். ஆனால் மலிவான எண் பூட்டுகளில் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், சரியான எண்ணில் விரலுக்கு ஒரு தடுமாற்றம் தெரியும். அனுபவமுள்ள கைக்கு 10,000 முயற்சி தேவைப்படாது.

கேபிளும் வெல்ல முடியாததல்ல. சாதாரண கட்டிங் பிளேயரில் முறுக்கிய எஃகு இழைகள் நழுவி நழுவிப் போக்குக் காட்டும். நீளக் கைப்பிடி உள்ள கம்பி வெட்டி கொண்டுவந்தால் சில நொடிதான். லேப்டாப்பைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தால் துளையே பிய்ந்துவிடும் மாடல்களும் உள்ளன.

அப்புறம் எதற்கு இந்தப் பூட்டு என்று கேட்கலாம். இதைச் செய்தவர்கள் மனதில் வைத்தது திட்டம் போட்டு ஆயுதத்தோடு வரும் திருடனை அல்ல. அலுவலகத்தில் லேப்டாப் காணாமல் போவது பெரும்பாலும் பட்டப்பகலில், பூட்டு உடைக்கப்படாத கதவு வழியாகத்தான். ஊழியர் ஒருவர் அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்கிறார், பின்னாலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வருகிறார், மரியாதைக்காக இவரே கதவைப் பிடித்துக்கொள்கிறார். மதியச் சாப்பாட்டு நேரம், கூட்டம் முடிந்த மாநாட்டு அறை, ஆளில்லாத வரவேற்பு மேசை. மேசையில் இருப்பதை எடுத்துப் பைக்குள் போட மூன்று நொடி போதும். அந்த ஆளின் மனக்கணக்கு மூன்றே விஷயம்: எவ்வளவு நேரம் ஆகும், யார் கண்ணில் படும், விற்றால் எவ்வளவு கிடைக்கும். கேபிள் பூட்டு முதல் இரண்டையும் கெடுக்கிறது. பிய்ந்த துளை மூன்றாவதையும் கெடுக்கிறது, ஏனென்றால் ஓரத்தில் பல் உடைந்ததுபோல் நிற்கும் லேப்டாப்பைப் பார்க்கும் வியாபாரிக்கு அது எப்படி வந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது கணக்கைக் கெடுக்கும் இன்னொரு வழி அடையாளமிடுவது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூடியிலேயே முதல்வரின் படத்தை ஒட்டிக் கொடுத்தார்கள். நோக்கம் விளம்பரம்தான் என்றாலும் அதற்கு ஒரு பக்க விளைவு இருந்திருக்க வேண்டும், இன்னாருடைய பொருள் என்று தூரத்திலிருந்தே தெரியுமே. அப்படியும் அவை இணையத்தில் விற்பனைக்கு வந்ததாகச் செய்திகள் வெளியாயின, பள்ளி அறைகளை உடைத்துக் கட்டுக்கட்டாகத் திருடிய வழக்குகளும் பதிவாயின. ஸ்டிக்கர் ஒட்டினால் உரிந்துவிடும். பொறித்த எழுத்துதான் நிற்கும்.

இதுவரை பேசியது இயந்திரத்தின் விலையைப் பற்றி. உள்ளே இருக்கும் தகவலின் விலை வேறு. 2009இல் இன்டெல் நிறுவனத்துக்காகப் போனமன் ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. ஓர் அலுவலக லேப்டாப் தொலைந்தால் நிறுவனத்துக்கு ஆகும் சராசரி நஷ்டம் 49,246 டாலர். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் உள்ளே இருந்த தகவல் வெளியே போவதால் வருவது. பாதுகாப்பு விற்கும் தொழிலில் அக்கறையுள்ளவர்கள் போட்ட கணக்கு என்பதால் தொகையைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் விகிதம் நம்பக்கூடியது. தகவலின் விலைக்கு ஓர் உதாரணம் பார்ப்போம்.

2006ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. போனவற்றில் ஒரு லேப்டாப்பும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கும் அடக்கம். வீட்டுக்காரர் முன்னாள் படைவீரர் நலத்துறையில் தரவு ஆய்வாளர், அலுவலகத் தகவலை வீட்டுக்கு எடுத்துப்போய் வேலை பார்த்தவர். அந்த டிஸ்கில் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை எந்தக் குறியாக்கமும் இல்லாமல், அதாவது திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றப்படாமல் கிடந்தன. அவர் உடனே சொல்லிவிட்டார். ஆனால் செய்தி துறை அமைச்சரை எட்ட மே 16 ஆயிற்று, மக்களுக்குச் சொல்ல மே 22. ஜூன் இறுதியில் இரண்டும் திரும்பக் கிடைத்தன. தகவலை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்று எப்பிஐ சொன்னது. பிடிபட்டவர்கள் பதின்ம வயதுப் பையன்கள். எதைத் தூக்கிப்போனோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாரும் பார்க்காத அந்தத் தகவலுக்காக அந்தத் துறை 2009இல் 2 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது.

அந்தச் சம்பவத்துக்குப் பின் அமெரிக்க அரசு எல்லாத் துறைகளுக்கும் லேப்டாப் தகவலைக் குறியாக்கம் செய்யச் சொன்னது. சொன்னதைச் செய்தார்களா? 2012 பிப்ரவரியில் நாசாவின் தணிக்கைத் தலைவர் நாடாளுமன்றக் குழு முன் சொன்னது: நாசாவின் கையடக்கக் கணினிக் கருவிகளில் குறியாக்கம் செய்யப்பட்டவை 1 சதவீதம். 2009 ஏப்ரலிலிருந்து 2011 ஏப்ரலுக்குள் தொலைந்தவை அல்லது திருடுபோனவை 48. அவற்றில் 2011 மார்ச்சில் போன ஒரு லேப்டாப்பில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தை இயக்கவும் கட்டுப்படுத்தவும் உதவும் நிரல்முறைகள் இருந்தன. அதே 2012 அக்டோபர் 31 அன்று, பூட்டிய காருக்குள்ளிருந்து இன்னொரு லேப்டாப் போனது. சுமார் 10,000 பேரின் விவரம் உள்ளே இருந்தது. அதற்குப் பிறகுதான் குறியாக்கம் செய்யாத லேப்டாப் நாசா வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு வந்தது.

பாஸ்வேர்டு இருக்கிறதே, போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸ் கேட்கும் பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் காவலாளி மட்டும்தான். அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, எஸ்எஸ்டியை எடுத்து வேறொரு கணினியில் மாட்டினால், அந்தக் காவலாளியைச் சந்திக்காமலே எல்லாக் கோப்புகளையும் படிக்கலாம். குறியாக்கம் செய்திருந்தால் அதே டிஸ்க் வெறும் குப்பை எண்களைத்தான் காட்டும். விண்டோஸில் இதற்குப் பிட்லாக்கர் என்று பெயர், விஸ்டா காலத்தில் வந்தது. மேக்கில் ஃபைல்வால்ட். பிட்லாக்கரின் திறவுகோலை மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சில்லு காத்துக்கொள்கிறது. டிஸ்க்கைப் பிரித்து வேறு இயந்திரத்தில் மாட்டினால் அந்தச் சில்லு அங்கே இல்லை, திறவுகோலும் இல்லை. சில்லு பழுதானால் நாமே வெளியே நிற்கக் கூடாது என்பதற்காக 48 இலக்க மீட்பு எண் ஒன்று தருவார்கள். அதை அச்சடித்து லேப்டாப் பையிலேயே மடித்து வைத்திருப்பவர்களைப் பார்த்தால் திருடர்கள் வாழ்த்துவார்கள்.

ஒரு நுணுக்கம் உண்டு. லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதும், மூடியை மடித்து உறங்க வைத்திருக்கும்போதும் திறவுகோல் நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் போனதும் நினைவகம் அழிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூசி ஊதும் காற்றுக் குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து நினைவகச் சில்லுகளைச் சுமார் மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர வைத்தார்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பல நிமிடங்கள் தகவல் அழியவில்லை, திறவுகோலை அதிலிருந்து எடுத்தும் காட்டினார்கள். டீக்கடைக்குப் போகும்போது பை பறிக்கிறவன் இதைச் செய்யப்போவதில்லை. ஆனால் குறிவைத்து வருபவனுக்கு முடியும். பயணத்தில் லேப்டாப்பை முழுதாக அணைத்து எடுத்துப் போவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

போனதைத் தேடிப் பிடிக்கும் வழிகளும் உண்டு. கனடாவின் ஆப்சல்யூட் நிறுவனம், பல லேப்டாப்களின் அடிப்படை நிரலுக்குள்ளேயே ஒரு சிறு நிரலைக் குடியேற்றியது. டிஸ்க்கைத் துடைத்துப் புதிய விண்டோஸ் போட்டாலும் அது மறுபடி முளைத்து இணையம் வழியே இருப்பிடம் சொல்லும். திருடனுக்கு எதிராக ஒளிந்திருக்கும் நிரல் சொந்தக்காரருக்குத் தெரியாமலும் ஒளிந்திருக்க முடியும் என்பது தனிச் சங்கடம். 2014இல் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் இதைப் பற்றி எச்சரித்தார்கள்.

இந்தியாவில் செல்போன் தொலைந்தால் அதன் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் வழியே நாடு முழுக்க முடக்கச் சொல்லலாம். சிம் போடும் வகை தவிர மற்ற லேப்டாப்களுக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. திருட்டுக்கு அப்பால், இந்திய அலுவலகங்களுக்குப் பயம் இப்போது வேறு பக்கமிருந்தும் வருகிறது. 2023இன் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாமல் தகவலைக் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

தொடங்கிய இடத்துக்கே வந்தால், கென்சிங்டன் துளைக்கு இப்போது போதாத காலம். 2008இல் வந்த மேக்புக் ஏரில் அது இல்லை. மற்ற நிறுவனங்களின் மெல்லிய மாடல்களிலும் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கே இடம் கஷ்டம். கென்சிங்டனே நேனோ என்று இன்னும் சிறிய துளை ஒன்றைக் கொண்டுவந்தது. டெல்லின் பல மாடல்களில் நோபிள் என்ற வேறு வடிவம். ஆகவே பூட்டு வாங்கப்போகும்போது லேப்டாப் மாடலைக் குறித்துக்கொண்டு போங்கள், ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் நுழையாது. துளையே இல்லாத இயந்திரங்களுக்கு ஒட்டுத் தகடு உண்டு என்றாலும், அலுவலகத்தில் ஆளுக்கொரு லாக்கர் வைப்பது அதைவிட மேல்.

இதையெல்லாம் செய்தாலும் செய்யாவிட்டாலும், காசே செலவில்லாத ஒரு வேலை மிச்சமிருக்கிறது. லேப்டாப்பின் வரிசை எண் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். போலீஸில் புகார் எழுதும்போது முதலில் கேட்பது அதைத்தான். ஸ்டிக்கர் லேப்டாப்போடு போய்விட்டிருக்கும், அலுவலகப் பதிவேட்டில் தேடினால் பழைய இயந்திரத்தின் எண் இருக்கும். மறுபடி விற்கும்போது பிடிபட்டாலும் அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அந்த எண்தான் எளிய வழி. போனில் ஒரு படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.