446 பாலம்... ஒரே ஊரு!

அமெரிக்கான்னதும் உங்க மனசுல ஓடுற படம் என்ன பாஸ்? சுதந்திர தேவி சிலை, கோல்டன் கேட் பாலம், லாஸ் வேகாஸ் லைட்டு... அதாவது, நம்ம சினிமாவுல டூயட் ஷூட்டிங் நடந்த இடம் எல்லாம்! ஆனா, விசா வாங்கிட்டு பெட்டியோட கிளம்புற மாணவர்கள் நிறையப் பேர் போய் இறங்குறது அங்கெல்லாம் இல்லை. மேப்ல தேடிப் பிடிக்க வேண்டிய நடுத்தர சைஸ் ஊர்கள்லதான். பென்சில்வேனியா மாநிலத்துல இருக்கிற பிட்ஸ்பர்க் அப்படி ஒரு ஊரு. 2020 சென்ஸஸ்படி மக்கள்தொகை 3 லட்சத்துச் சொச்சம்.

'இவ்ளோதானா?'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. புதுசா வர்றவங்களை முதல் நாளே வாயடைக்க வைக்கிற ஊர் இது. எப்படின்னு பார்ப்போமா?

மலைக்குள்ள நுழைஞ்சா...

ஏர்போர்ட்ல இருந்து காருல வர்றீங்க. வழியெல்லாம் மரம், மேடு, பள்ளம். ஊர் இருக்கிற அறிகுறியே தெரியாது. ஃபோர்ட் பிட் சுரங்கப் பாதைக்குள்ள நுழையுறீங்க. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளம். அது முடியுற நொடியில, திரை விலகின மாதிரி... காலுக்குக் கீழே ஆறு, கண்ணுக்கு எதிரே வானளாவிய கட்டடங்கள், திரும்பின பக்கமெல்லாம் மஞ்சள் பாலங்கள்! சுரங்கம் வாயைத் திறக்கிறதே பாலத்து மேலதான்.

அலகேனி, மோனோங்காஹெலா ரெண்டு ஆறும் இங்கே கலந்து ஒஹாயோ ஆறாகக் கிளம்புது. நம்ம பவானி கூடுதுறை நடுவுல ஒரு நகரத்தை வெச்சா எப்படி இருக்கும்? அதான் பிட்ஸ்பர்க். ஊருக்குள்ள மொத்தம் 446 பாலம்னு கணக்கு சொல்றாங்க. அதுல மூணு, ஒரே அச்சுல வார்த்த அக்கா தங்கச்சிங்க! 1920-கள்ல கட்டினது. பேர் யாருடையது தெரியுமா? ஒண்ணு பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளமென்ட்டே, இன்னொண்ணு ஓவியர் ஆண்டி வார்ஹால், மூணாவது சுற்றுச்சூழல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன். அரசியல்வாதி ஒருத்தர்கூட இல்லை!

வீடு மலைமேல... வேலை கீழே!

ஊரே மேடும் பள்ளமும். கான்டன் அவென்யூன்னு ஒரு தெரு, 37 சதவிகிதச் சரிவு. அதாவது 100 அடி முன்னால போனா 37 அடி மேலே ஏறியிருப்பீங்க! சில இடத்துல ரோடே கிடையாது, படிக்கட்டுதான். அந்தப் படிக்கட்டுக்கும் தெருப் பேர் வெச்சு போர்டு மாட்டியிருப்பாங்க. மேப்ல 'தெரு'ன்னு பார்த்து சைக்கிளை மிதிச்சுட்டுப் போய் படிக்கட்டு முன்னால முழிக்கிறது, புதுசா வந்தவங்களுக்கு நடக்கிற வழக்கமான காமெடி.

மலை ஏற 'இன்க்ளைன்' இருக்கு. நம்ம பழனி விஞ்ச் மாதிரியேதான். ஆனா சாமி கும்பிட இல்லை, வேலைக்குப் போக! மலைமேல குடியிருந்த தொழிலாளிங்க கீழே இருந்த ஆலைக்குப் போய் வரப் போட்டது. ஒரு டஜனுக்கு மேல ஓடினதுல இன்னிக்கு மிச்சம் ரெண்டு. 1870-ல ஆரம்பிச்ச மோனோங்காஹெலா, 1877-ல ஆரம்பிச்ச டுக்கேன். 1962-ல டுக்கேன் நின்னே போச்சு. அந்த ஏரியா ஜனங்க சும்மா இருக்கலை. தாங்களே காசு திரட்டி, அடுத்த வருஷமே திரும்ப ஓட வெச்சாங்க. இன்னிக்கும் ஓடுது!

துண்டு போட்டா இடம் நமக்கு!

பஸ்ல ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறது நம்ம கண்டுபிடிப்புன்னுதானே நெனச்சீங்க? இங்கே வாங்க. பனி கொட்டின காலையில, ஒருத்தர் மாங்கு மாங்குன்னு பனியை வாரி, வாசல்ல காருக்கு இடம் பண்ணியிருப்பார். காரை எடுத்துட்டுக் கிளம்பும்போது அங்கே ஒரு பழைய நாற்காலியைப் போட்டுட்டுப் போவார். அவ்ளோதான்... சாயங்காலம் வரைக்கும் அது அவரோட இடம்! சட்டத்துல இதுக்கு இடமே இல்லை. ஆனா, அந்த நாற்காலியைத் தொட யாருக்கும் மனசு வராது.

சிக்னல்லயும் ஒரு எழுதாத சட்டம் உண்டு. பச்சை விழுந்ததும், எதிர்ல இடதுபுறம் திரும்பக் காத்திருக்கிற முதல் காருக்கு வழி விட்டுட்டுத்தான் இவங்க கிளம்புவாங்க. பேரே 'பிட்ஸ்பர்க் லெஃப்ட்'. வெளியூர்க்காரர் தெரியாம ஆக்ஸிலேட்டரை மிதிச்சா, டமால்! ஜாக்கிரதை.

அப்புறம் பாஷை. கஷ்டப்பட்டு டோஃபல் எழுதிட்டுப் போனா, கடைக்காரர் 'யின்ஸ்'ங்கிறார். பயப்படாதீங்க, 'நீங்கள்லாம்'னு அர்த்தம். பாடப்புத்தக இங்கிலீஷ்ல ஒருத்தருக்கும் 'யூ', ஒன்பது பேருக்கும் 'யூ'. அந்தக் குறையை இவங்களே சரி பண்ணிக்கிட்டாங்க! அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்கிறவருக்கு இங்கே பேர் 'நெபி'.

ஊர் பேர் ஸ்பெல்லிங்ல கடைசியா ஒரு 'எச்' வரும். நியூமராலஜி எல்லாம் இல்லீங்க. 1891-ல மத்திய அரசின் பெயர் வாரியம் அந்த 'எச்'சைப் பிடுங்கிடுச்சு. ஊர்க்காரங்க விடலையே... 20 வருஷம் மல்லுக்கட்டி 1911-ல திரும்ப வாங்கிட்டாங்க!

பர்ஸ் பத்திரம்!

விலைச்சீட்டுல 10 டாலர்னு இருக்கும். கவுன்ட்டர்ல 10 டாலர் 70 சென்ட் கேட்பாங்க. ஏமாத்தலை... விற்பனை வரி 7 சதவிகிதம் தனி. சந்தோஷ செய்தி, பென்சில்வேனியாவுல சாதாரண துணிமணிக்கு வரி கிடையாது. அதனால ரெண்டு ஸ்வெட்டரை அங்கேயே வாங்கிக்கலாம். ஹோட்டல்ல டேபிள்ல உட்கார்ந்து சாப்பிட்டா 15-ல இருந்து 20 சதவிகிதம் டிப்ஸ் எடுத்து வைக்கணும். பிரிமான்டி பிரதர்ஸ்னு 1933-ல இருந்து இருக்கிற கடையில சாண்ட்விச் வாங்கினா, சைடு டிஷ்ஷா வர வேண்டிய உருளை ஃப்ரைஸும் முட்டைக்கோஸ் சாலட்டும் ரொட்டிக்கு உள்ளேயே இருக்கும்!

வீட்டு ஞாபகம் வந்தா, பென் ஹில்ஸ் பகுதியில வெங்கடேஸ்வரா கோயில் இருக்கு. 1970-கள்ல கும்பாபிஷேகம் நடந்த கோயில். பெருமாள் தரிசனம் பாதி, புளியோதரை தரிசனம் பாதி!

சிரிப்புக்குப் பின்னால...

இதுவரைக்கும் ஜாலி. இனி கொஞ்சம் சீரியஸ்.

ஒரு காலத்துல அமெரிக்காவோட இரும்புக் கொல்லுப்பட்டறையே இந்த ஊர்தான். 1940-கள்ல ஆலைப் புகையால மத்தியானமே தெருவிளக்கு எரிஞ்சிருக்கு. ஆபீஸ் போறவங்க மாத்திக்க இன்னொரு வெள்ளைச் சட்டை எடுத்துட்டுப் போவாங்களாம். 1950-ல ஜனத்தொகை 6 லட்சத்து 76 ஆயிரம். 1970-களின் கடைசியில இரும்புத் தொழில் சரிய ஆரம்பிச்சது. பக்கத்துல இருந்த பிரம்மாண்டமான ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல மூடப்பட்டது. வேலை போனவங்க பிள்ளைகளைக் கூட்டிட்டு ஊரை விட்டே போனாங்க. ஆலை இருந்த இடத்துல இன்னிக்கு ஷாப்பிங் வளாகம். பழைய புகைபோக்கிகள் மட்டும் வரிசையா நிக்குது, புகை இல்லாம.

அப்புறம் ஊரைத் தாங்கிப் பிடிச்சது எது? காலேஜும் ஆஸ்பத்திரியும்தான். 64 மாடி யு.எஸ். ஸ்டீல் கட்டடத்தோட உச்சியில 2008-ல ஒரு ஆஸ்பத்திரி குழுமத்தோட பேர் ஏறினது, மொத்தக் கதையையும் ஒரே வரியில சொல்லிடும். போலியோவுக்கு முதல் தடுப்பூசியை ஜோனஸ் சால்க் உருவாக்கினது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துலதான். அது பலன் தருதுன்னு அறிவிச்சது 1955-ல. அதே பல்கலைக்கழகத்தோட 42 மாடி 'கதீட்ரல் ஆஃப் லேர்னிங்' கட்ட, ஊர்ப் பள்ளிக்கூடக் குழந்தைங்க ஆளுக்கு 10 சென்ட் கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள நாளந்தா பாணியில ஒரு இந்திய வகுப்பறையும் இருக்கு.

இரும்பு உருகி ஓடின அதே நேரத்துல இன்னொரு கதையும் நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல 1979-ல ரோபோட்டிக்ஸ் நிறுவனம் ஆரம்பிச்சாங்க. அதோட முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி. நம்ம கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல சிவில் படிச்சவர்! 1994-ல கம்ப்யூட்டர் துறையோட உச்ச விருதான டூரிங் விருதையும் வாங்கினார்.

அப்போ எல்லாம் சுபமா? இல்லை பாஸ். பக்கத்து ஊர் பிராடக்ல 1920-ல 20 ஆயிரத்துக்கு மேல ஜனங்க. 2020-ல 2 ஆயிரம்கூட இல்லை. பிட்ஸ்பர்க்குக்குள்ளயும், ஏழு லட்சம் பேருக்காகப் போட்ட பாலத்தையும் ரோட்டையும் இன்னிக்கு மூணு லட்சம் பேரோட வரிப்பணத்துல காப்பாத்தணும். 2022 ஜனவரி 28-ம் தேதி காலையில ஃபெர்ன் ஹாலோ பாலம், மேலே பஸ்ஸும் கார்களும் இருக்கும்போதே இடிஞ்சு விழுந்தது. நல்லவேளை, உயிர் போகலை. பாலங்களைச் சரிசெய்யறதைப் பத்திப் பேச அதிபர் பைடன் பிட்ஸ்பர்க் வர வேண்டிய அதே நாள் அது!

அதனால, அங்கே படிக்கப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வாரம் சுரங்கப் பாதையையும் இன்க்ளைனையும் ஃபோட்டோ எடுங்க, தப்பில்லை. ரெண்டாவது வாரம் ஹோம்ஸ்டெட் போய் அந்தப் புகைபோக்கிங்களுக்குக் கீழே அஞ்சு நிமிஷம் நில்லுங்க. 'இந்த ஆலை எப்பவும் இருக்கும்'னு நம்பித்தான் ஒரு தலைமுறையே அங்கே வீடு கட்டிச்சு. உங்க ஊர் எதை நம்பி நிக்குதுன்னு அப்போ தானா யோசிப்பீங்க.

திரும்பி வர்ற பஸ்ல ஒண்ணு கவனிங்க. இறங்குற ஒவ்வொருத்தரும் டிரைவருக்கு 'தேங்க்ஸ்' சொல்லிட்டுத்தான் இறங்குவாங்க. நீங்களும் சொல்லிடுங்க. அன்னிக்கே நீங்க உள்ளூர்க்காரர்தான்!