நாடாவுக்கு வெளியே போனால்

எங்கள் ராமநாதபுரம் பக்கம் மலை கிடையாது. ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். அதுவும் மணல் மேடுதான். உச்சிப்புளியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்கு மலைச்சரிவு சைக்கிள் பந்தயத்தின் மேல் பிரியம் வந்தது 2023 அக்டோபரில். திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் அப்போது ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. செல்போனில் அந்த ஓட்டங்களைக் காட்டிய என் தங்கை மகன், "மாமா, அந்த நாடாவைத் தாண்டிட்டா அவுட்டா?" என்றான்.

நல்ல கேள்வி. டவுன்ஹில் எனப்படும் இந்த மலைச்சரிவுப் பந்தயத்தில் எல்லாரும் சேர்ந்து புறப்படுவதில்லை. ஒவ்வொருவராக உச்சியிலிருந்து இறங்குவார்கள். இரண்டு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஓட்டம் முடிந்துவிடும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்கு. அதனால் ஒரு வளைவைக் குறுக்கே வெட்டினாலும் பரிசு கைமாறிவிடும்.

எங்கள் ஊர் மாட்டு வண்டி எல்கைப் பந்தயத்தில் சாலையே தடம். போய்வர இத்தனை மைல் என்று பேசி, திரும்பும் இடத்தில் கொடி நடுவார்கள். கொடிவரை போகாமல் திரும்பிய வண்டிக்குப் பரிசில்லை. மலையில் வேரும் பாறையும் சேறும்தான், சாலை எங்கே இருக்கிறது? ஆகவே இருபுறமும் கம்பு ஊன்றி நாடா கட்டுகிறார்கள். அந்தக் கம்பு இரும்பாக இருக்கக் கூடாது, பிவிசி குழாய் போன்றதாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதி. வேகமாக வந்து மோதுகிறவனின் விலா எலும்பை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. வளைந்த ஹேண்டில்பாரையும் நசுங்கிய ரிம்மையும் தினமும் கையில் எடுக்கிறவன் நான். இதை எழுதியவர்களை மனமாரப் பாராட்டுவேன்.

இரண்டு நாடாவுக்கும் நடுவில் எந்த வழியில் வேண்டுமானாலும் இறங்கலாம். பாறைமேல் தாவலாம், உள்வளைவில் ஒட்டிப் போகலாம். எந்த வழி வேகம் என்று கண்டுபிடிப்பதுதான் ஓட்டுகிறவனின் வித்தை. அதற்காகவே பயிற்சி ஓட்டத்துக்கு முன்னால் தடம் முழுக்க நடந்தே பார்க்கிறார்கள்.

இனி மருமகன் கேட்டதற்கு வருவோம். தாண்டிய உடனே அவுட் இல்லை. சறுக்கி வெளியே விழுகிறவன் எந்த இடத்தில் வெளியேறினானோ அதே இடத்தில் தடத்துக்குள் வர வேண்டும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சரிவில் மேலே ஏற வேண்டியிருந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும். போன நேரம் போனதுதான், கடிகாரம் நிற்காது. கீழே வேறொரு இடத்தில் நுழைந்து அதனால் ஆதாயம் அடைந்தான் என்று நடுவர்கள் கண்டால் பந்தயத்திலிருந்தே நீக்கலாம். தடத்தை விடாமல் ஓட்டுவது ஓட்டுகிறவனின் பொறுப்பு என்றும் விதி சொல்கிறது. நாடா அறுந்து கிடந்தது, தெரியவில்லை என்று அவன் பழியை வேறு யார்மேலும் எளிதில் போட முடியாது.

விழுந்தவனை விரட்டாமல், விழுந்ததை லாபமாக்கவும் விடாமல் வைத்திருக்கும் இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அரியமான் கடற்கரையில் சைக்கிள் பந்தயம் விடும்போதும் இதையே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மருமகன் அதோடு விடவில்லை. "முன்னாடி போனவன் தடத்திலேயே விழுந்து கிடந்தா?" என்றான். அதற்கும் வழி உண்டு. தடம் நெடுக, மேலேயும் கீழேயும் இருக்கும் அடுத்த ஆள் கண்ணுக்குத் தெரியும்படி கொடிக்காரர்கள் நிற்பார்கள். சிவப்புக் கொடி அசைந்தால் வருகிறவன் உடனே நின்றுவிட வேண்டும். பிறகு மெதுவாக முடிவுக்கோட்டுக்குப் போய் நடுவரிடம் கேட்டால், மேலேயிருந்து மறுபடி ஓட்ட அனுமதி கிடைக்கும்.