ஒரு நாள் கூலி

வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டும் நம் மருதமுனையைப் போல நெசவுக்குப் பெயர்போன ஊர். 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி அங்குள்ள ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள் றக்பி சங்கத்தை விட்டு விலகின. தகராறு கூலியைப் பற்றியது. சனிக்கிழமை விளையாடப் போகும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த சம்பளத்தைக் கொடுக்கலாமா? கூடாது என்றார்கள் தெற்கின் கனவான்கள். பிரிந்தவர்கள் நாளுக்கு 6 ஷில்லிங் என்று வைத்தார்கள். 15 பேரின் ஆட்டம் 1906இல் 13 பேரின் ஆட்டமாகி, றக்பி லீக் தனி வழியில் போனது.

விளையாடுவதற்கே சம்பளம் கொடுக்கலாம் என்று 1898இல் ஒப்புக்கொண்டபோதும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டது: வீரனுக்கு நிரந்தரமாக வேறொரு வேலை இருக்க வேண்டும். விதி 1905இல் நீங்கியது. வழக்கம் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. பகலில் சுரங்கம், மாலையில் பயிற்சி என்றே பல தலைமுறைகள் ஆடின. 1996இல் சூப்பர் லீக் தொடங்கி, ஆட்டம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறிய பிறகே இங்கிலாந்தில் முழுநேர வீரர் என்பது சாதாரணமானது.

அதே 1996இல் சிட்னியின் புல்டோக்ஸ் கழகத்துக்கு ஆட வந்தவர் ஹசெம் எல் மஸ்ரி. லெபனானின் திரிப்போலியில் பிறந்து, சிறுவனாக அவுஸ்திரேலியா போனவர். மார்க்கத்தை மறைக்காமல் வாழ்ந்த முஸ்லிம். 2009 வரை ஒரே கழகம், 317 ஆட்டங்கள், 2,418 புள்ளிகள். அந்தப் புள்ளிச் சாதனையை 2019இல் கமரன் ஸ்மித் கடந்தார். ஆனால் ஒரே சட்டையோடு தொடங்கி முடிப்பவர்கள் இப்போது அரிது; ஒப்பந்தம் முடிந்தால் கழகமும் மாறுகிறது.

வேறொன்றும் கைவிட்டுப் போயிருக்கிறது. அன்றைய வீரன் திங்கட்கிழமை தன் ரசிகர்களோடேயே வேலைக்குப் போனான். கையில் ஒரு தொழில் இருந்தது. இன்றைய வீரன் பதினெட்டு வயதில் கையெழுத்திட்டு, முப்பது கடந்து சில ஆண்டுகளில் ஓய்கிறான். அதற்குப் பிறகுதான் தொழில் தேட வேண்டும். தலையில் விழும் அடி அன்றும் உண்டு. அடிபட்டவன் எழுந்து மறுபடி ஆடுவதை வீரம் என்றார்கள். இன்று மருத்துவர் அவனை வெளியே அழைத்துப் பரிசோதிக்கிறார். புல்டோக்ஸ் 2004இல் கிண்ணம் வென்றபோது பயிற்றுநராக இருந்த ஸ்டீவ் ஃபோக்ஸ், அதே கழகத்தின் பழைய வீரர். 2018இல் 59 வயதில் இறந்தார். தொடர்ந்து வாங்கிய அடிகள் மூளையில் விட்டுச்செல்லும் நோய் அவருக்கு இருந்தது இறந்த பிறகுதான் தெரிந்தது. இந்த ஒன்றில் மட்டும் பழைய காலத்துக்காக ஏங்க எனக்கு மனமில்லை.

நம் கரையில் றக்பி அவ்வளவாக இல்லை. உதைபந்தும் மென்பந்து கிரிக்கெட்டும்தான். இலங்கையின் றக்பியிலும் பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளில் ஆடுவோருக்குச் சோறு போடுவது சீருடை வேலைதான். கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் இறங்கும் பையன் தறியையோ கடையையோ தோணியையோ அன்று விட்டுவிட்டுத்தான் வருகிறான். ஹடர்ஸ்ஃபீல்டில் 1895இல் தீர்ந்த வழக்கு இங்கே இன்னும் தீரவில்லை. கிண்ணத்துக்கும் ஜேர்சிக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு திரட்டும் நம் கழகங்கள், முதலில் அந்த ஒரு நாள் கூலியை அவன் கையில் கொடுக்கட்டும்.