விளையாட்டும் சூதும்

சேர்வராயன் மலையில், மூடுபனி சூழ்ந்த மாலைப்பொழுதில், ஏற்காட்டு மாணாக்கன் ஒருவன் கைப்பேசியில் சதுரங்கம் ஆடுகின்றான் என்று கொள்வோம். எதிரில் ஆடுபவன் யாழ்ப்பாணத்தானாகவும் இருக்கலாம், கனடா நாட்டானாகவும் இருக்கலாம். முகமறியா இருவரை ஓர் ஆட்டம் நண்பராக்குகின்றது. இணையவழி விளையாட்டின் சிறப்பு இதுவே. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவிய காலத்து, சதுரங்க ஒலிம்பியாடும் இவ்வழியே நடைபெற்றது. இறுதிப் போட்டியில் இந்திய ஆட்டக்காரர் சிலரது இணைப்பு இடையில் அறுபட்டமையால், இந்தியாவும் ருஷியாவும் ஒருங்கே வெற்றி பெற்றனவாக அறிவிக்கப்பட்டன.

ஆயின், அதே கைப்பேசியில் பணயம் வைத்து ஆடும் சீட்டாட்டமும் நுழைந்தது. இரண்டற்கும் விளையாட்டு என்பதே பெயராதலின் இளைஞர் பலர் மயங்கினர். சீட்டாட்டத்திற்குத் திறமை வேண்டும். ஆகவே அது சூதன்று என வாதிப்பாரும் உளர். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே எனச் சென்னை உயர்நீதிமன்றமும் 2023இல் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா தற்செயலா என ஆராயாது, பணம் வைத்து ஆடப்படுகின்றதா என்பதனையே நோக்குகின்றது. பணயமுள்ள ஆட்டத்தை விலக்கி, மின்விளையாட்டுப் போட்டிகளை அஃது ஏற்கின்றது.

இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. வள்ளுவர் சூதிற்கெனத் தனி அதிகாரம் வகுத்து, அதனைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தார். விளையாட்டில் தோற்றவன் ஆட்டத்தின் இன்பங் கருதி மீண்டும் வருகின்றான். சூதில் தோற்றவனோ இழந்த பொருளை மீட்கும் வேட்கையால் வருகின்றான். முன்னவனுக்கு நட்பு வளரும்; பின்னவனுக்குக் கடன் வளரும். மாணவ நண்பர்காள், இதனை அறிந்து ஆடுவோமாக.