ஒரே வீட்டில் இரு கணினிகள்: ஏன் ஒன்றையொன்று காண்பதில்லை?

இரண்டு கணினிகளிலும் இணையம் வருகிறது. ஆனால் ஒன்றில் உள்ள கோப்பை மற்றதில் திறக்க முடிவதில்லை. ஏன்?

இணையத்தில் உலவும்போது நம் கணினிதான் முதலில் கேட்கிறது. வெளியிலிருந்து பதில் மட்டும் வருகிறது. கோப்புப் பகிர்விலோ, இன்னொரு கணினி தானாக வந்து கதவைத் தட்டுகிறது. அழையா விருந்தாளியைத் தடுப்பதுதான் ஃபயர்வாலின் வேலை.

கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் இரண்டின் ஐபி முகவரிகளையும் நெட்வொர்க் அமைப்புகளில் பாருங்கள். 192.168.1.5, 192.168.1.8 என்பதுபோல் முதல் மூன்று எண்களும் ஒத்திருந்தால், பெரும்பாலும் இரண்டும் ஒரே வலையமைப்பில் உள்ளன. 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளையும் வைஃபையையும் சரிபாருங்கள். ஒரு கணினி விருந்தினர் வைஃபையில் இருந்தாலும் சிக்கல்தான். பல ரூட்டர்கள் அதைத் தனியே பிரித்து வைக்கும்.

அடுத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்புங்கள். பதில் வந்தால் பாதை சரி. பகிர்வு அனுமதியிலோ கடவுச்சொல்லிலோ கோளாறு இருக்கலாம். பதில் வராவிட்டால் பாதை அறுந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபயர்வால் பிங்கையும் தடுக்கக்கூடும். விண்டோஸில் வீட்டு இணைப்பு 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' என மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்குங்கள்.

அவசரத்தில் ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள். வேண்டிய அனுமதியை மட்டும் கொடுத்தாலே போதும்.